சுடுதண்ணி சும்மா லேட்டாவாது

வீடு கேட்டுப் போன அன்று அந்த அம்மா எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் தயார் செய்துகொண்டு போகவேண்டும் என்று. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், கறி மீன் உண்டா, ஞாயிற்றுக்கிழமை கோயிலா சர்ச்சா. "ஊரில் எந்தப் பக்கம்" என்பதற்கு உண்மையைச் சொன்னால் போதும், அதுவரை வீட்டுக்காரர் இடுப்பில் இருந்த சாவி திடீரென்று சென்னையில் இருக்கும் மகனிடம் போய்விடும். நானும் என் கணவரும் அப்படிப் பல சாவிகளைச் சென்னைக்கு அனுப்பிவைத்துவிட்டுத்தான் அந்தத் தெருவுக்கு வந்திருந்தோம்.

இந்த அம்மா குழாயடியில் குந்திக்கொண்டு, சொட்டும் குழாய் ஒன்றை முறைத்துக்கொண்டிருந்தார். எங்களை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை.

"ஊட்ல எதுனா கெட்டுப்போச்சுன்னா ஒடனே வந்து சொல்வீங்களா, மாட்டீங்களா?"

என் கணவர் நல்ல பெயர் வாங்கும் அவசரத்தில், "சின்னச் சின்ன ரிப்பேருக்கெல்லாம் உங்கள தொந்தரவு பண்ணமாட்டோம்மா. நாங்களே அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்" என்றார்.

"அப்ப வேற ஊடு பாத்துக்கோங்க தம்பி. அட்ஜஸ்ட் பண்றவங்களுக்கு நான் ஊடு உடறதில்ல."

என் கணவரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் முந்திக்கொண்டேன். "சொல்லுவோம்மா. எது கெட்டாலும் நான் வந்து சொல்றேன்." அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். சாவி கைக்கு வந்தது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்தத் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. எல்லோருக்கும் அவர் வீட்டுக்காரம்மா. பிறந்தது பள்ளிப்பட்டில், வாழ்க்கைப்பட்டது திருப்பாச்சூர் பக்கத்தில் நெல் நிலம் உள்ள குடும்பத்தில். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, தொழிற்சாலைக்கு வருகிறவர்களை நம்பி இங்கே ஒரு மனை வாங்கி, முன்னால் தங்களுக்கு ஒரு வீடும் பின்னால் வாடகைக்கு மூன்று வீடுகளும் கட்டினார்கள். வீட்டுக்காரய்யா மொபெட்டில் நிலத்தைப் பார்க்கப் போவார், வருவார். மற்றபடி வாய் திறக்கமாட்டார். வீட்டுக்காரம்மாக்கள் இடுப்பில் சாவிக்கொத்து செருகிப் பார்த்திருக்கிறேன். இவர் டார்ச் லைட் செருகியிருப்பார், பட்டப்பகலிலும்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. சும்மா. ஃபேன் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று அவர் கேட்டு, "சும்மாதாம்மா, பழசாயிடுச்சு" என்று நீங்கள் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். "சும்மா இன்னா சும்மா? எதுவும் சும்மா ஆவாது" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிடுவார். காரணம் கையில் சிக்கும்வரை இறங்கமாட்டார். அவர் சொல்லும் காரணம் பல நேரம் தப்பாகவும் இருக்கும். அதற்கெல்லாம் வெட்கப்படுகிற ஆள் இல்லை. தப்பு என்று தெரிந்த அடுத்த நிமிஷம் வேறொரு காரணத்தோடு வந்து நிற்பார். வீட்டுக்காரய்யா ஒருமுறை என் கணவரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, அவ கையில எதையும் குடுத்துடாத. எதனால கெட்டுச்சுன்னு கண்டுபுடிக்காம திருப்பித் தரமாட்டா."

பள்ளிப்பட்டில் அவருடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம். எங்களையும் அழைத்துப் போயிருந்தார். பந்தியில் சாம்பார் லேசாகப் புளித்திருந்தது. ஊரார் வீட்டு விசேஷத்தில் சாம்பார் புளித்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ரசத்துக்குத் தாவுவார்கள். இவர் இலையை அப்படியே வைத்துவிட்டு, எச்சில் கையோடு சமையல்கட்டுக்குள் போய்விட்டார். வீட்டுக்காரய்யா தலை நிமிராமல் மோரையே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அரை மணி கழித்து வெளியே வந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "விடியறதுக்கு முன்னாலயே கொதிக்கக் கொதிக்க எறக்கி, தட்டு போட்டு மூடி, மேல சாக்கையும் போத்திட்டான். சூட்டோட மூடி வச்சா எதுவும் கெட்டுத்தான் போவும்." சமையல்காரருக்கு அன்று எங்கள் பேரில் வந்த கோபம் தணிய வெகு நாள் ஆகியிருக்கும்.

சிரிக்கிறேன், ஆனால் அந்தக் குணம் எல்லா நேரமும் சிரிப்பாக இருந்ததில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தாள். செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் வேலை. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளிடம் வீட்டுக்காரம்மா என்ன என்று கேட்டிருக்கிறார். அவள் சொல்லக்கூடாத அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். "சும்மாதான் ஆன்ட்டி."

அன்று தொடங்கியது. காலையில் இட்லியோடு போய்க் கேட்டார். சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்தில் போய்க் கேட்டார். அவருக்கு வம்பு பேசும் ஆசை துளியும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஒழுகும் குழாயைப் பார்ப்பதுபோலத்தான் அவர் அந்தப் பெண்ணின் கண்ணையும் பார்த்தார். அவளுக்கு அது தெரியுமா? அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்காரம்மா என்னிடம் வந்து உட்கார்ந்தார். "நான் கேட்டது தப்பாம்மா?"

"எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கேக்கக்கூடாதும்மா. சிலது அவங்களா சொல்லணும்."

"கேக்காம எப்படித் தெரியும்?" என்றார். குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எழுந்து போகும்போது, "சரி, இனிமே மனுஷாளுங்கள கேக்கல. குழா, லைட்டு இதோட நிறுத்திக்கிறேன்" என்றார். நான் சொன்ன அந்த வார்த்தையை அவர் இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது.

நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, பின்னால் இருந்த வீடுகளின் பாத்ரூமில் கேஸ் கீசர் மாட்டினார். எங்கள் பக்கம் கரண்ட் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கரண்ட் கீசரை நம்ப முடியாது. "பச்ச ஒடம்புக்காரி கைக்கொழந்தையோட வர்றா. சுடுதண்ணி இல்லாம இன்னா ஊடு?" என்று சொன்னாராம். சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டி. குழாயைத் திறந்தால் டிக் டிக் டிக் என்று சத்தம், பிறகு பப்பென்று பற்றிக்கொள்ளும். நாங்கள் அடுப்பில் அண்டா வைத்து வளர்ந்தவர்கள். குழாயிலிருந்து ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியதைப் பார்த்தபோது, இந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது.

ஐப்பசியில் இன்னொரு பிரச்சினை வந்தது. கரி. உருக்காலைகள் உள்ள ஊரில் அது புதிதல்ல. மாடியில் துணி காயப்போட்டால் வெள்ளைச் சட்டை புள்ளி போட்ட சட்டையாகத் திரும்பி வரும். ஆனால் மூடிய பாத்ரூமுக்குள் வைத்த வாளித் தண்ணீரில் கறுப்பாக ஏடு படிவது ஏன்? வீட்டுக்காரம்மா வாளியை அந்த மூலையிலும் இந்த மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் மேலே கைகாட்டினார். பாத்ரூம் சுவரின் உச்சியில், காற்று போக விட்டிருந்த வென்டிலேட்டர் வழியாகத்தான் கரி இறங்குகிறது. அன்றைக்கே ஏணி போட்டு ஏறினார். பேரனின் காதுகுத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பேனர் வீட்டில் சுருட்டிக் கிடந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, மூன்று வீட்டு வென்டிலேட்டரிலும் சுற்றிலும் ஆணி அடித்துவிட்டார். எங்கள் துண்டில் அந்தப் பேரனின் ஒரு கன்னமும் காதும் வந்திருந்தன. அந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான் செய்வார்கள். தலைவர்களும் மணமக்களும் மஞ்சள் நீராட்டுப் பெண்களும் பாத்ரூம் உச்சியிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

மறுநாள் வாளித் தண்ணீர் பளிங்குபோல இருந்தது. நான்தான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.

மார்கழி பிறந்ததும் எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் தாமதமாக வரத் தொடங்கியது. குழாயைத் திறந்து, பல் தேய்த்து, குழந்தையின் துணியை அலசி முடித்தாலும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறாது. நான் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருப்பேன். குளிர்காலம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன். குளிக்கும் நேரம் நீண்டுகொண்டே போனது.

விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போனது. மறுநாள் காலை கீசர் மாட்டிய மெக்கானிக்கோடு வந்து நின்றார். மெக்கானிக் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே பெட்டிக்கு அடியிலிருந்த பேட்டரியை மாற்றினார். "அவ்ளோதான்க்கா. குளிர் நாள்ல சும்மாவே கொஞ்சம் லேட்டாவும்."

அந்தச் சொல்லின் விலை அவருக்குத் தெரியாது, பாவம்.

"பக்கத்து ஊட்ல மட்டும் குளிர் இல்லியா? அந்தப் பசங்க ஊட்ல இப்பதான் பாத்துட்டு வரேன், தொறந்ததும் கொதிக்குது. அதே கீசரு, அதே கேஸு, அதே டேங்கு. சுடுதண்ணி சும்மா லேட்டாவாது. கழட்டுய்யா."

நடு வீட்டில் மில்லில் வேலை செய்யும் பையன்கள் இருந்தார்கள்; மூன்றாவது வீடு அந்தப் பெண் போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது. மெக்கானிக் தண்ணீர் உள்ளே வரும் குழாயைக் கழற்றினார். உள்ளே கட்டைவிரல் அளவுக்கு ஒரு சல்லடை. அது முழுக்க போர் தண்ணீரின் உப்பும் மணலும் அப்பிக் கிடந்தது. வீட்டுக்காரம்மா அதை ஊசியால் குத்திக் குத்திச் சுத்தம் செய்தார். மாட்டிப் பார்த்தபோது தண்ணீர் வேகமாகக் கொட்டியது. சூடு முன்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.

"போதும்மா, நல்லா வருது" என்றேன்.

"பசங்க ஊட்ல மாதிரி வரல." தண்ணீரில் விரலை வைத்தபடியே நின்றார். "இன்னும் எதுவோ கீது."

மெக்கானிக் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நழுவினார். எனக்கும் அலுப்பாக இருந்தது. குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் யார் பாத்ரூமைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பது? தலை வேறு வலித்தது. அந்த நாட்களில் காலையில் குளித்து வந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும், கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். குழந்தை இரவெல்லாம் விழித்தால் தாய்க்குத் தலை வலிக்காதா? அப்படி நிற்கும்போது ஒருநாள் வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு போய்விட்டார். மனிதர்களைக் கேட்பதில்லை என்று சொல்லியிருந்தாரே.

இரவெல்லாம் விழிக்கும் எங்கள் பையன் ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு வரம் கொடுத்திருந்தான். காலையில் குளித்துவிட்டால் போதும், அடித்துப்போட்டதுபோலத் தூங்குவான். நான் முதலில் குளிப்பேன். பிறகு அந்தச் சூட்டோடு சூடாக, அதே பாத்ரூமில் காலை நீட்டி அவனைப் போட்டுக் குளிப்பாட்டுவேன். குளிர் தாக்கக்கூடாது என்று கதவைத் திறக்கமாட்டேன். சுடுதண்ணீர் மெதுவாகத்தானே வரும்? அதுவரை அவனும் என் மடியில் கிடப்பான். துடைத்து வெளியே கொண்டுவரும்போதே கண் சொக்கிவிடும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "குளிச்ச குழந்தை நல்லாத் தூங்கும், தூக்கத்திலதான் வளரும்" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவருக்கு லீவு. நாஷ்டா முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்காரம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் மக்கோடு வந்தார், மறுபடியும் தண்ணீர் பார்க்க.

என் கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "பாருங்கம்மா, உங்க கீசரு புண்ணியத்துல சார் தூங்கிட்டாரு. தெனம் இப்டிதான். குளிச்சாப் போதும், இடி இடிச்சாலும் எழுந்திருக்க மாட்டாரு."

வீட்டுக்காரம்மா குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கேக்கக்கூடாதுன்னுதான் இருந்தேன். உனக்கு இன்னா பண்ணுது?"

"ஒன்னும் இல்லம்மா. தலவலி. சும்மா..."

"எப்பப்ப வருது?"

"காலையில."

"குளிச்சிட்டு வந்தா?"

நான் பதில் சொல்வதற்குள் மக்கைக் கீழே போட்டுவிட்டார். "ஆத்தாளுக்குத் தலவலி, புள்ளைக்குத் தூக்கம். ரெண்டு பேரும் ஒரே ரூம்புலேர்ந்து வரீங்க. இது சும்மாவா? சும்மாவா ஆவும்?" என் கணவரின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு ஓடினார்.

நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அவர் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அவன் விழிக்கவில்லை. மறுபடி சுண்டினார். கை தொங்கியது. அதுவரை நான் தூக்கம் என்று நினைத்தது தூக்கம் இல்லை என்று அந்தத் தொங்கும் கையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் விடவில்லை. பள்ளிப்பட்டுப் பேச்சில் எந்தக் குழந்தையையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். "நைனா, கண்ண தொற. தூங்காத நைனா. எழுந்திரு. அழுவு. என்னத் திட்டு. அழுவு நைனா." சுண்டிக்கொண்டே இருந்தார். ஆட்டோவில் ஏறும்போது லேசாக முனகினான். வழி முழுக்க அவன் முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, காலைச் சுண்டுவதையும் பேசுவதையும் அவர் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கும் எனக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூம்ல கேஸ் கீசரா?"

"ஆமா" என்றேன்.

"காத்து போக ஜன்னல் இருக்கா?"

"மேல வென்டிலேட்டர் இருக்கு டாக்டர்..."

"இருந்துச்சு" என்றார் வீட்டுக்காரம்மா. வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். "நான்தான் அடச்சேன். என் கையாலதான் ஆணி அடிச்சேன்."

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். காற்று பத்தாமல் கேஸ் எரிந்தால் வரும் விஷக்காற்றுக்கு வாசனை கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. தலை வலிக்கும், தூக்கம் வரும். அந்தத் தூக்கத்தோடேயே போய்விடுவார்கள். இன்றைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், குழந்தை பிழைத்துக்கொள்வான்.

அவன் வீறிட்டுப் பாலுக்கு அழும்வரை வீட்டுக்காரம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. அழுகை கேட்டதும் எழுந்தார். "நான் ஊட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் எங்களை அனுப்பிவைத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது பின்கட்டில் கீசரைத் தரையில் இறக்கி, மூடியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அவருக்கு வழுக்கை என்று தெரிந்தது. வீட்டுக்காரம்மாவின் மடியில் அந்த ஃப்ளெக்ஸ் துண்டு கிடந்தது.

"நான் மாட்டச்சொல்ல ஓட்ட தொறந்துதான்க்கா இருந்துச்சு" என்றார் மெக்கானிக்.

"நீ இன்னாத்துக்குய்யா பயப்படற? உன்ன யாரு குத்தம் சொன்னது?" என்று அவரை அடக்கிவிட்டு, என்னிடம் பெட்டிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். செம்புத் தகடுகளுக்கு நடுவே கறுப்பாக, திட்டுத்திட்டாகக் கரி அடைந்திருந்தது.

"காத்து இல்லாம மஞ்சளா எரிஞ்சிருக்கு. மஞ்சளா எரிஞ்சா சட்டியில கரி புடிக்கும், அடுப்புல பாத்ததில்லியா? கரி புடிச்சதும் சூடு தண்ணிக்குப் போவல. அதான் லேட்டு. பசங்க ஊட்ல சிகரெட்டு புகை போவலன்னு ஃப்ளெக்ஸ அன்னிக்கே கிழிச்சிட்டானுங்க. தப்பிச்சானுங்க. நீதான் நான் செஞ்சத அப்படியே வச்சிருந்த." டார்ச்சை அணைத்தார். "வாளியில விழுந்த கரி கண்ணுக்குத் தெரிஞ்சுது, அடச்சேன். இந்தக் கரி தெரியல. நீ செவுத்தப் புடிச்சிக்கினு நின்ன அன்னிக்கே கேட்டிருக்கணும்."

அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை என்று சொன்னால் பொய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் அந்த ஃப்ளெக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த விதம் என் கோபத்துக்கு வேலை வைக்கவில்லை.

"தெரியாமத்தானே செஞ்சீங்க. புள்ள நல்லாயிருக்கான். உடுங்கம்மா" என்றேன்.

"உடறதா? சும்மாவா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

இருட்டுவதற்குள் மூன்று கீசர்களும் வெளிச்சுவருக்குப் போயின. மேலே தகரம் சாய்த்து, குழாயை மட்டும் உள்ளே விட்டார்கள். வென்டிலேட்டர்கள் திறந்தன. அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

அடுத்த நாள் காலை அவர் அந்த ஃப்ளெக்ஸ் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். முதல் வீட்டின் பாத்ரூம் உச்சியை அண்ணாந்து பார்த்தார். கதவைத் தட்டினார். "கேஸ் கீசரா வச்சிக்கினு இருக்க? அந்த ஓட்டைய ஒடனே தொற. இதப் பாரு, இத நான்தான் அடச்சேன். பின்னூட்டுப் புள்ள சாவக் கெடந்துச்சு."

ஒவ்வொரு வீட்டிலும் அதையே சொன்னார். தன் பெயரைக் காப்பாற்றும்படி வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். யாரோ ஒருத்தி அடைத்தாள் என்று சொன்னால் போதுமே? எனக்குத் தெரிந்து ஒரு வீட்டில்கூட அவர் அப்படிச் சொல்லவில்லை. பேரனின் கன்னத்தையும் காதையும் விரித்துக் காட்டி, நான்தான், நான்தான் என்றார்.

சிலர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். எதிர்வரிசையில் ஒரு பெண் வாசலில் நின்று கத்தினாள். "உங்க ஊட்டு ஓட்டைய நீங்க அடச்சீங்க. எங்ககிட்ட வந்து இன்னாத்துக்குப் பேஜாரு பண்றீங்க?"

"எனக்குச் சொல்ல ஆள் இல்ல, அடச்சேன். உனக்குத்தான் நான் வந்து சொல்லிட்டேனே. தொற."

"தொறந்தா கரி வருதே?"

"வரட்டும். கரி வந்தா தொடச்சிக்கலாம்."

தை பிறந்தும் அவர் ஓயவில்லை. எங்கள் தெரு முடிந்து அடுத்த தெரு, அதுவும் முடிந்து ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். "ஊரே சிரிக்குது" என்று வீட்டுக்காரய்யா என் கணவரிடம் முணுமுணுத்தார். ஆனால் ஒருநாள் பார்க்கிறேன், அம்மா முன்னால் நடந்துபோக, ஐயா மொபெட்டின் பின்னால் ஏணியைக் கட்டிக்கொண்டு மெதுவாக உருட்டிக்கொண்டு போகிறார். கல்யாணப் பந்தியில் தலை குனிந்து மோர் சாப்பிட்டவர்தான். அன்று தலை நிமிர்ந்துதான் போனார்.

பிறகு என் கணவருக்கு வேறு வேலை கிடைத்து நாங்கள் செவ்வாப்பேட்டைக்கு வந்துவிட்டோம். இங்கே வீடு பார்த்தபோது எந்த ஊர், எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்டார்கள். நான் பதிலே சொல்லாமல் நேராகப் பாத்ரூமுக்குள் போய், வென்டிலேட்டரில் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்தேன். வீட்டுக்காரர் குழம்பிப்போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு காலைப்பொழுதில் எனக்குப் போன் வரும். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா, அவர் எப்படி இருக்கிறார் என்று எதுவும் கிடையாது. எடுத்ததும் அதே குரல்.

"புள்ள குளிச்சிட்டானா?"

"குளிச்சிட்டாம்மா."

"தூங்குறானா?"

"எங்க தூங்குறான்? தலையக்கூடத் தொவட்டாம ஊடு பூரா ஓடிக்கினு இருக்கான். புடிக்க முடியல."



"ஓடட்டும்" என்பார். போனை வைத்துவிடுவார்.